தேங்காய் எழுந்து நின்றால் அது உண்மையாகிவிடுமா?

திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து எழுதியிருக்கிறீர்கள். எம்.ஏ. வகுப்பில் நடைமுறைவாதம் (pragmatism) என்ற தத்துவத்தை ‘எது பலன் தருகிறதோ அதுவே உண்மை’ என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டார்கள். உங்கள் பெரியப்பா உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவர்; அடியில் தண்ணீர் இருக்கும் இடம் வந்தால் தேங்காய் தானாக எழுந்து நிற்கும் என்பது நம்பிக்கை. அவர் கை காட்டிய இடத்தில் போர் போட்டுத் தண்ணீர் வராமல் போனதே கிடையாது என்கிறீர்கள். அப்படியானால் அந்தத் தத்துவத்தின் அமெரிக்க முன்னோடிகளான பியர்ஸ், ஜேம்ஸ், டூயி மூவரின் கணக்குப்படியும் தேங்காய் சொல்வது உண்மைதானே, அதை அறிவியல் இல்லை என்று ஒதுக்குவது படித்தவர்களின் திமிர்தானே என்பது உங்கள் கேள்வி. இதற்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. பலிப்பதற்கும் உண்மைக்கும் என்ன உறவு என்பது ஒன்று. இன்னொன்றை நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை: வகுப்பில் படிப்பதை ஒப்புக்கொண்டால் பெரியப்பாவை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல வேண்டி வருமோ என்பது. இரண்டாவதற்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டியதில்லை. காரணம் போகப்போக வரும்.

நான் கல்லூரியில் தத்துவமும் அளவையியலும் நடத்தி ஓய்வு பெற்றவன். வலங்கைமான் பக்கம் சில மா நிலம் இருக்கிறது, அதனால் போர் வண்டிக்காரர்களோடும் வேளாண் அலுவலர்களோடும் பேசிப் பழக்கம். ஆனால் நிலத்தடி நீர் என் படிப்பு அல்ல. அந்த விஷயத்தில் நான் சொல்வதை ஒரு விவசாயி விசாரித்துத் தெரிந்துகொண்டது என்ற அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். தத்துவப் பகுதிக்கு மட்டும் நான் பொறுப்பு.

உறுதியாகச் சொல்லக்கூடியதிலிருந்து ஆரம்பிக்கிறேன். ‘பலன் தருவதே உண்மை’ என்ற வரி மூவரில் யாருடைய கொள்கையும் அல்ல. ஜேம்ஸ் அதற்குப் பக்கத்தில் போனார், அதை அப்புறம் பார்ப்போம். இந்தச் சிந்தனையைத் தொடங்கிய சார்லஸ் சாண்டர்ஸ் பியர்ஸ் முழுநேரத் தத்துவப் பேராசிரியர்கூட இல்லை. அமெரிக்காவின் கடலோர அளவைத் துறையில் ஏறத்தாழ 30 ஆண்டுகள் வேலை பார்த்தவர், ஊசலை ஆடவிட்டுப் புவியீர்ப்பை அளந்தவர். ஒரு அளவு சரியா தப்பா என்பதைத் திரும்பத் திரும்ப அளந்துதான் சொல்ல முடியும் என்பது அவருக்குத் தொழில் பழக்கம். 1877, 78-ல் ஒரு அறிவியல் மாத இதழில் அவர் எழுதிய கட்டுரைகளில்தான் விதை இருக்கிறது. அவர் கேட்டது, ஒரு கருத்துக்கு என்ன அர்த்தம் என்பதை எப்படித் தெளிவாக்குவது என்று. வைரம் கடினமானது என்றால் என்ன? மற்றப் பொருள்களால் கீறினால் கீறல் விழாது என்பதுதான். அதற்கு மேல் ‘கடினம்’ என்று ஒன்று தனியாக உள்ளே உட்கார்ந்திருக்கவில்லை. இன்னதைச் செய்தால் இன்னது நடக்கும் என்ற எதிர்பார்ப்புகளின் தொகுப்புதான் ஒரு கருத்தின் பொருள். உண்மை எது என்பது இதற்கு அடுத்த கேள்வி.

இதற்கு நம் வயலிலேயே ஒரு உதாரணம் உண்டு. சம்பா நட்டுச் சில வாரத்தில் பயிர் மஞ்சளாக நிற்கிறது. பக்கத்து வயல்காரர் ‘யூரியா பத்தலை’ என்பார். கடைக்காரர் ‘ஜிங்க் போடுங்க’ என்பார். இன்னொருவர் ‘துங்ரோ மாதிரி இருக்கு’ என்பார், அதாவது பச்சைத் தத்துப்பூச்சி பரப்பும் வைரஸ் நோய். மூன்றும் மஞ்சள்தான், வரப்பில் நின்று எவ்வளவு நேரம் வாதாடினாலும் தீராது. துங்ரோவா என்று பார்க்க வேளாண் அலுவலர்கள் சொல்லித்தரும் சோதனை ஒன்று இருக்கிறது. வெயில் ஏறுவதற்கு முன், காலை ஆறு மணிக்குள் போய், சந்தேகப்படும் பயிரின் இளம் இலைகளை நுனியிலிருந்து 10 சென்டிமீட்டர் அளவுக்கு வெட்டி, அயோடின் கரைசலில் 15 நிமிடம் ஊறவைத்து, தண்ணீரில் அலச வேண்டும். நோய் இருந்தால் இலையில் கருநீலக் கோடுகள் தெரியும். பகலில் இலையில் சேரும் மாவுச்சத்து ராத்திரியில் பயிரின் மற்ற பாகங்களுக்கு இறங்கிவிடும். வைரஸ் தாக்கிய பயிரில் அந்த இறக்கம் தடைப்படும். அதனால்தான் விடியற்காலை. பத்து மணிக்கு மேல் வெட்டினால் நல்ல பயிரின் இலையிலும் புது மாவுச்சத்து சேர்ந்திருக்கும், சோதனைக்கே அர்த்தம் போய்விடும்.

‘இது துங்ரோ’ என்ற வாக்கியத்துக்கு பியர்ஸ் முறைப்படி அர்த்தம் இதுதான்: விடியற்காலையில் வெட்டி அயோடினில் போட்டால் கோடு விழும், தத்துப்பூச்சி இருந்திருக்கும், யூரியா போட்டாலும் பயிர் தேறாது, குட்டையாகவே நிற்கும். ‘தழைச்சத்துக் குறை’ என்றால் எதிர்பார்ப்பு வேறு: கீழ் இலைகள் முதலில் மஞ்சளாகியிருக்கும், யூரியா போட்ட சில நாளில் பச்சை திரும்பும். எதிர்பார்ப்பு வேறானால் கருத்தும் வேறு. இந்த அயோடின் சோதனை நூற்றுக்கு நூறு நம்பகமானது அல்ல, வேறு காரணத்தாலும் மாவுச்சத்து தேங்கலாம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பியர்ஸ் இருந்தால் அதை வரவேற்றிருப்பார். எந்த முடிவும் நாளைக்குத் திருத்தப்படலாம் என்பது அவருடைய அடிப்படைகளில் ஒன்று.

சரி, தேங்காய்க்கு வருவோம். ‘இந்த இடத்தில் நீரோட்டம் இருக்கிறது’ என்று பெரியப்பா சொல்கிறார். பியர்ஸ் கேட்பது: இது பொய்யாக இருந்தால் என்ன வித்தியாசமாக நடந்திருக்கும்? அந்த இடத்தில் தண்ணீர் வந்திருக்காது என்பீர்கள். இங்கேதான் சிக்கல். நம் பகுதி காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டல். மணலும் களியும் மாறி மாறிப் படிந்த அடுக்கு. பழைய டெல்டாவில் சாதாரண பில்டர் பாயிண்ட் (ஆழமில்லாத குழாய்க் கிணறு) இறக்கினாலே பல இடங்களில் தண்ணீர் வந்துவிடும். தேங்காய் எழுந்த இடத்திலும் வரும், எழாத இடத்திலும் வரும். தோற்கவே வழியில்லாத இடத்தில் ஒருவர் தோற்றதில்லை என்பது அவருடைய முறையைப் பற்றி எதையும் சொல்லாது. பெரியப்பாவிடம் தண்ணீர் இருக்கும் இடத்தைக் கேட்காதீர்கள். தண்ணீர் வராத இடம் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே யாராவது போர் போட்டுப் பார்க்கட்டும்.

இன்னும் நியாயமாகக் கேட்பதென்றால், உங்கள் ஊரில் பிரச்சினை தண்ணீர் இருக்கிறதா என்பதே இல்லை. கடைமடை, கடல் பக்கம். எத்தனை அடியில் நல்ல தண்ணீர், எத்தனை அடியில் உப்பு என்பதுதான் காசு சம்பந்தப்பட்ட கேள்வி. தேங்காய் அதைச் சொல்கிறதா? ஆழத்தையும் சுவையையும் போர் போடுவதற்கு முன்னாலேயே எழுதி வைத்துவிட்டு, பிறகு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறீர்களா? அல்லது அவரை வல்லம் மேட்டுக்கு அழைத்துப் போனால் என்ன ஆகும்? தஞ்சாவூருக்குத் தென்மேற்கே அது செம்மண் மேடு, நம் வண்டல் கணக்கு அங்கே செல்லாது. அங்கேயும் தேங்காய் தொடர்ந்து ஜெயித்தால், தேங்காய் வைக்காமல் போட்ட போர்களைவிட அதிகமாக ஜெயித்தால், என்னைப் போன்றவர்கள் வாயை மூடிக்கொண்டு என்ன நடக்கிறது என்று ஆராய வேண்டியதுதான்.

இப்படிப்பட்ட சோதனையைச் செய்து பார்த்திருக்கிறார்கள். ஜெர்மனியில் முனிக் நகருக்குப் பக்கத்தில் 1987, 88-ல் ஒரு களஞ்சியக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு வண்டியில் தண்ணீர்க் குழாயை வைத்து, இடம் மாற்றி மாற்றி நிறுத்தினார்கள். மேல்தளத்தில் நடக்கும் நீரோட்டக்காரர் குழாய் எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டும். முதல் சுற்றில் 500 பேருக்கு மேல் வந்தார்கள். அவர்களில் திறமையானவர்கள் என்று பொறுக்கி எடுத்த 43 பேரை வைத்து 843 தடவை சோதித்தார்கள். நடத்தியவர்கள், பெரும்பாலோர் தேறவில்லை, சிலரிடம் மட்டும் உண்மையான திறமை தெரிகிறது என்று எழுதினார்கள். 1999-ல் ஜிம் என்ரைட் என்ற அமெரிக்க விஞ்ஞானி அதே புள்ளிவிவரங்களை எடுத்துப் பார்த்து, அந்தச் சிலரின் வெற்றியும் குருட்டாம்போக்கில் வரக்கூடியதுதான், ஒரு சுற்றில் நன்றாகச் செய்தவர் அடுத்த சுற்றில் அதே மாதிரி செய்யவில்லை என்று காட்டினார். நடத்தியவர்கள் அதை ஏற்கவில்லை. என் பார்வையில் என்ரைட் பக்கம்தான் நியாயம் கனமாக இருக்கிறது.

தேங்காய் எழுவது மட்டும் பொய் இல்லை. அது நிஜமாகவே எழுகிறது. ஒன்றை எதிர்பார்க்கும்போது நமக்கே தெரியாமல் தசைகள் லேசாக அசையும் என்பதை 1852-லேயே வில்லியம் கார்ப்பென்டர் என்ற ஆங்கில உடலியல் அறிஞர் விளக்கினார். வேடிக்கை என்னவென்றால், 1890-ல் வந்த தன் உளவியல் நூலில் இதை விரிவாக எழுதியவர் அதே வில்லியம் ஜேம்ஸ். அவரும் தேங்காய்க்குச் சாட்சி சொல்ல வரமாட்டார். பெரியப்பா கையை ஏமாற்றி அசைக்கவில்லை, கை அவரைக் கேட்காமல் அசைகிறது.

பெரியப்பாவுக்குத் தெரிந்தது எதுவுமே இல்லை என்றும் நான் நினைக்கவில்லை. நீரோட்டம் பார்ப்பவர்கள் பலர் பழைய வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடியது, எந்த வயலில் மணல் கண்டது, பக்கத்து போரில் எத்தனை அடியில் களி வந்தது என்பதெல்லாம் அத்துப்படியானவர்கள். தேங்காய் எழும் இடத்தை அந்த அறிவு தீர்மானிக்கலாம். அப்படியானால் அறிவு மெய், அதற்கான பெயர்தான் தேங்காய்க்குப் போய்விட்டது. இது என் ஊகம். சோதிப்பது சுலபம்: அவர் சம்மதித்தால், கண்ணைக் கட்டி, அதே வயலில் வேறு வரப்பிலிருந்து நடக்கச் சொல்லுங்கள். முதல் தடவை எழுந்த இடத்திலேயே மறுபடியும் எழுகிறதா பாருங்கள். செலவு ஒரு தேங்காய்.

இப்போது ஜேம்ஸ். 1907-ல் வெளியான உரைகளில் அவர், நம் சிந்தனைப் போக்குக்கு உதவுவதே உண்மை என்ற பொருளில் ஒரு வாக்கியம் எழுதினார். உங்கள் வகுப்பில் சொன்னது அதன் சுருக்கம்தான். ஆனால் அடுத்த மூச்சிலேயே, நீண்ட காலத்துக்கும் மொத்தத்திலும் உதவ வேண்டும், இன்றைய அனுபவத்துக்குப் பொருந்துவது நாளைய அனுபவத்துக்குப் பொருந்தாமல் போகலாம் என்று சேர்த்துக்கொண்டார். வாசகர்கள் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். பழி முழுக்க வாசகர்கள் மேல் இல்லை, ஜேம்ஸுக்குப் பளிச்சென்று எழுதும் ஆசை அதிகம். இந்த மாதிரிப் பேச்சில் பியர்ஸ் அதற்கு முன்பே சலித்துப்போய், 1905-லேயே தன் கொள்கைக்கு வேறு பெயர் வைத்துக்கொண்டார். யாரும் கடத்திப்போக முடியாத அளவுக்கு அவலட்சணமான பெயர் என்று அவரே சொன்னார்.

ஜேம்ஸுக்கு எதிரான முக்கியமான மறுப்பு ஆங்கிலத் தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸலுடையது: ஒன்று இருக்கிறது என்று நம்புவது உதவியாக இருக்கலாம், அதற்காக அது இருந்துவிடாது. இந்த மறுப்பு வலுவானது. நியாய தரிசனம் என்ற இந்தியத் தத்துவ மரபுக்காரர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இதைச் சாமர்த்தியமாகக் கையாண்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் தண்ணீர்தான் உதாரணம். தூரத்தில் தண்ணீர் தெரிகிறது, கானலா தண்ணீரா என்று சந்தேகம். போய்க் குடித்துத் தாகம் தீர்ந்தால் கண்டது சரி. செயல் பலிப்பதை, நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர், பிரமாணத்தின் (சரியான அறிவைத் தரும் வழியின்) அடையாளமாக வைக்கிறார். ஆனால் அந்த மரபில், பலிப்பது உண்மையைக் கண்டுபிடிக்கும் வழி மட்டுமே. உண்மை என்பது பொருள் எப்படி இருக்கிறதோ அப்படி அறிவது. ஜேம்ஸ் இந்த இரண்டையும் குழப்பினாரா, அல்லது தெரிந்தே ஒன்றாக்கினாரா என்பது இன்றும் ஆய்வாளர்களிடையே தீராத விவாதம். எனக்குக் குழப்பியதாகவே படுகிறது.

அதற்காக ஜேம்ஸைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அவர் நன்றாக வேலை செய்யும் இடம் ஒன்று உண்டு, நம் விவசாயிகளுக்கு அது வருஷா வருஷம் வரும். மேட்டூரை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். அணையில் 90 அடியாவது நின்றால்தான் குறித்த நாளில் திறப்பார்கள் என்பது ஊர்க் கணக்கு. மே மாதக் கடைசியில் நீர்மட்டம் இரண்டுங்கெட்டானாக நிற்கிறது, பருவமழை எப்படி இருக்கும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. குறுவைக்கு நாற்று விடுவதா வேண்டாமா? ‘ஆதாரம் வரும்வரை முடிவெடுக்க மாட்டேன்’ என்று சொல்ல முடியாது, ஏனென்றால் விடாமல் இருப்பதும் ஒரு முடிவுதான். போதுமான ஆதாரமில்லாமல் நம்புவது எப்போதுமே தவறு என்று 1877-ல் ஆங்கிலக் கணித அறிஞர் கிளிஃபோர்ட் எழுதியதற்கு ஜேம்ஸ் 1896-ல் சொன்ன பதில் இது: தேர்வு கட்டாயமானதாக, முக்கியமானதாக, நமக்கு நிஜமாகவே இரண்டு பக்கமும் திறந்திருப்பதாக இருந்து, ஆதாரத்தால் தீர்க்கவும் முடியாதபோது மட்டும், நம்பித் துணிய நமக்கு உரிமை உண்டு. இந்தச் சலுகை தேங்காய்க்குக் கிடைக்காது. தேங்காய் விஷயத்தை ஆதாரத்தால் தீர்க்க முடியும், ஒரு நாள் வேலை.

டூயியிடம் வந்தால் பேச்சே மாறும். விசாரணை என்பது ஒரு ஆள் தலைக்குள் செய்வதல்ல, குழம்பிய நிலைமை ஒன்றைச் செயலால் தெளிந்த நிலைமையாக மாற்றுவது என்பது அவருடைய கருத்து. 1938-ல் எழுதிய நூலில் ‘உண்மை’ என்ற சொல்லையே முடிந்தவரை ஒதுக்கி, இதுவரை நடந்த விசாரணையின் பலத்தில் இதைச் சொல்லலாம் என்ற அளவோடு நின்றுகொண்டார். அதோடு, விசாரணை நல்லபடியாக நடக்க எல்லோரும் எல்லோரிடமும் கேள்வி கேட்கக்கூடிய சமூகம் வேண்டும் என்றார். 1913 முதல் 1916 வரை அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த அம்பேத்கருக்கு டூயி ஆசிரியர். 1936-ல் சாதி ஒழிப்புப் பற்றி எழுதியபோது, தான் மிகவும் கடன்பட்ட ஆசிரியர் என்று சொல்லி அவரை மேற்கோள் காட்டினார். பழையது என்பதற்காகவே ஒரு வழக்கத்தைச் சுமக்கத் தேவையில்லை என்ற வாதத்துக்கு அங்கே டூயி துணை வருகிறார். நடைமுறைவாதத்தை ‘ஊரில் செல்லுபடியாவதை ஏற்றுக்கொள்’ என்று புரிந்துகொள்பவர்கள் இந்த ஒரு இடத்தையாவது பார்க்க வேண்டும்.

உங்கள் ‘திமிர்’ குற்றச்சாட்டுக்கும் பதில் இதில் இருக்கிறது. ஒரு நம்பிக்கையை நிலைநிறுத்த நான்கு வழிகள் என்று பியர்ஸ் 1877-ல் எழுதினார்: பிடிவாதம், அதிகாரம், மனதுக்கு ஒப்புவது, அப்புறம் நம் விருப்பத்துக்கு வளையாத ஒன்றிடம் போய்க் கேட்பது. கடைசி வழியைத்தான் அவர் அறிவியல் என்றார். தேங்காயைப் பார்க்காமலேயே சிரிப்பவர் இரண்டாவது வழியில் நிற்கிறார். பெரியப்பா சொன்னால் சரிதான் என்பவரும் அங்கேதான் நிற்கிறார். விசாரணையின் பாதையை மறிக்காதே என்பது பியர்ஸின் விதி, அது இரண்டு பேருக்கும் பொருந்தும்.

தீராத பகுதி ஒன்றையும் சொல்ல வேண்டும். விசாரணை போதுமான தூரம் போனால் எல்லோரும் கடைசியில் ஒப்புக்கொள்ளும் கருத்தே உண்மை என்பது பியர்ஸின் வரையறை. அப்படியானால், கல்லணைக்கு முதல் கல்லைப் போட்ட அன்று ஆற்றில் எத்தனை பேர் இறங்கினார்கள்? ஒரு எண்ணிக்கை இருந்தே இருக்கும். எந்த விசாரணையாலும் இனி அதை எட்ட முடியாது. இந்த மாதிரி தொலைந்துபோன விவரங்கள் தன் வரையறைக்குச் சங்கடம் என்பது பியர்ஸுக்கே தெரியும், அவரே எழுப்பிய கேள்விதான். அவர் சொன்ன சமாதானம் எனக்குத் திருப்தி தரவில்லை. பின்னால் 1979-ல் அமெரிக்கத் தத்துவவாதி ரிச்சர்ட் ரோர்ட்டி வேறு வழியில் போய், அறிவு உலகத்துக்குப் பிடித்த கண்ணாடி அல்ல, நியாயப்படுத்துவது என்பது சமூகப் பேச்சுக்குள் நடக்கும் விஷயம் என்றார். அவரைப் படித்தால் உங்கள் பெரியப்பா வாதத்துக்கு ஓரளவு தெம்பு கிடைக்கலாம். ஆனால் போர் போடும்போது உப்புத் தண்ணீர் பேச்சைக் கேட்டு மாறாது என்பதால் நான் பியர்ஸ் பக்கமே நிற்கிறேன்.

வீட்டில் நிஜமாகவே புது போர் போடும் யோசனை இருந்தால், வேளாண்மைப் பொறியியல் துறையில் மின்தடை ஆய்வு (நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தி, மண் அதை எவ்வளவு தடுக்கிறது என்று அளப்பது) செய்து தருகிறார்கள், கேட்டுப் பாருங்கள். அதுவும் வேதவாக்கு இல்லை. மின்தடை குறைவாகக் காட்டினால் அது களியாகவும் இருக்கலாம், உப்புத் தண்ணீராகவும் இருக்கலாம், பக்கத்துப் போர்களின் விவரத்தை வைத்துத்தான் பிரிக்க முடியும். அந்த விவரம் உங்கள் ஊரில் யாரிடம் அதிகம் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? பெரியப்பாவை உட்காரவைத்து, அவர் பார்த்த ஒவ்வொரு போரிலும் எத்தனை அடியில் என்ன வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வாங்குங்கள்.

தேர்வைப் பொறுத்தவரை, அந்த ஒற்றை வரியை எழுதினாலும் மார்க் போட்டுவிடுவார்கள். படிக்க விரும்பினால் பியர்ஸின் 1877 கட்டுரையில் தொடங்குங்கள், பதினைந்து பக்கம்தான். அப்புறம் ஜேம்ஸின் 1907 உரைகளில் இரண்டாவதும் ஆறாவதும். டூயியை விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள், அவருடைய வாக்கியங்களுக்கு நிறைய அவகாசம் தேவைப்படும்.